இளையர் இல்ல அதிகாரிகளுக்குப் பயிற்சி தரப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சிங்கப்பூரில் பாய்ஸ் ஹோம், கேர்ள்ஸ் ஹோம் மாதிரியான இளையர் தங்கும் இல்லங்களில் பல வருடம் வேலை பார்த்தவர்களும், நன்னடத்தைக் கண்காணிப்பு அதிகாரிகளாக இருந்தவர்களும் ஒரு கட்டத்தில் 'இனிப் புதியவர்களுக்குச் சொல்லித் தரலாமே' என்று நினைப்பதுண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் பிள்ளைகளிடம் கெட்டிக்காரராக இருந்தவர் வகுப்பிலும் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியாது.

வந்திருப்பவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்காமலேயே பாடம் தயாரிப்பது அடிக்கடி நடக்கும் கோளாறு. சிங்கப்பூர் பாய்ஸ் ஹோமும் கேர்ள்ஸ் ஹோமும் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சைச் சேர்ந்தவை. சீர்திருத்தப் பயிற்சித் தண்டனை பெற்றவர்களோ சிறைத்துறையின் பொறுப்பில் இருப்பவர்கள்; பெரும்பாலும் 16 முதல் 21 வயதுக்குள் உள்ளவர்கள். இரண்டுக்கும் ஒரே பாடம் சரிவராது. ஹோமில் இருக்கும் எல்லாரும் குற்றம் செய்து வந்தவர்கள் அல்ல. அங்கே வேலை செய்பவர்களின் முன்னால் பிள்ளைகளைக் 'கைதிகள்' என்று வாய்தவறிச் சொன்னால் போதும், அப்புறம் உங்கள் பேச்சை யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

பழைய ஸ்லைடுகளும் ஆபத்துதான். சிறுவர், இளையர் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. பராமரிப்பும் பாதுகாப்பும் பெறும் வயது வரம்பு 16இலிருந்து 18 ஆனது 2020இல். இன்னமும் '16 வயதுக்குக் கீழ்' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி?

அடுத்தது, கதை சொல்வது. பெயரைச் சொல்லவில்லையே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஈசூன் வட்டாரத்தில் வீடு, இன்ன பள்ளி, அப்பா டாக்சி ஓட்டுகிறார் என்று மூன்று தகவல் போதும். நம் ஊர் சின்னது, நம் தமிழ்ச் சமூகம் அதைவிடச் சின்னது. வகுப்பில் இருப்பவரின் அத்தை கோயிலில் அந்தக் குடும்பத்தைப் பார்ப்பவராக இருக்கலாம். பல சம்பவங்களைக் கலந்து புதிதாக ஒன்றை உருவாக்குங்கள்.

இன்னொன்று நம்மவர்களுக்கே உரியது. தமிழ் அதிகாரி ஒருவர் தமிழ்ப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏன்டா தம்பி, நம்ம பேரைக் கெடுக்கிற?" என்று கேட்பார். அன்பில்தான் கேட்கிறார். பையனுக்கு அது கூடுதல் அவமானம். பார்த்துக்கொண்டிருக்கும் மலாய், சீனப் பிள்ளைகளுக்கோ அது பாரபட்சம். இதை வகுப்பில் பேச எல்லாருக்கும் கூச்சம். பயிற்சி தருபவரும் கூச்சப்பட்டால் அது பேசப்படாமலேயே போய்விடும்.

என் கணக்கில் பெரிய தவறு, பிடித்து அடக்கும் முறைகளுக்கே நாள் முழுவதையும் கொடுத்துவிடுவது. உடம்பை அசைத்துப் பழகுவதால் வகுப்பு கலகலப்பாக இருக்கும், பாராட்டும் கிடைக்கும். ஆனால் கைவைக்கும் நிலை வருவதற்கு முந்திய சில நிமிடங்களில்தான் விஷயமே இருக்கிறது: குரலை எப்போது தணிப்பது, சுற்றி நிற்கும் மற்ற பிள்ளைகளை யார் அப்புறப்படுத்துவது, கோபத்தில் இருப்பவன் மானம் போகாமல் பின்வாங்க எப்படி ஒரு வழி விடுவது. இதை நடித்துப் பார்க்க வேண்டும். முரண்டு பிடிக்கும் பையனாக நீங்களே நடியுங்கள். வகுப்பில் அமைதியாக இருப்பவரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

அதே பயிற்சியை அறிக்கை எழுதுவதோடு முடிக்கலாம். "அடங்காமல் நடந்துகொண்டான்" என்று எழுதினால் அது அதிகாரியின் கோபம். "மூன்று முறை கூப்பிட்டும் கட்டிலை விட்டு எழவில்லை" என்று எழுதினால் அடுத்த ஷிப்டுக்கு வருபவருக்கு உதவும். பல பயிற்சிகளில் இந்தப் பகுதிக்குக் கடைசிப் பத்து நிமிடம்தான் கிடைக்கிறது.

இரவு ஷிப்ட் முடித்து நேராக வருபவர்களுக்குக் காலையில் மூன்று மணி நேர விரிவுரை வைப்பதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

தகுதி விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. அனுபவம் போதும் என்று பெரியவர்களுக்குப் பயிற்சி தருபவர்களுக்கான ஏசிஎல்பி சான்றிதழை அலட்சியம் செய்பவர்கள் உண்டு. டபிள்யூஎஸ்கியூ என்ற தேசியத் தொழில்திறன் தகுதித் திட்டத்தின் வகுப்புகள் எடுக்க அது தேவைப்படும். சான்றிதழை வாங்கிய கையோடு வேலையை விட்டுவிடுபவர்களும் உண்டு. பகுதிநேரப் பயிற்றுநருக்கு வகுப்பு இல்லாத மாதத்தில் வருமானம் இல்லை. வேலையில் இருக்கும்போதே, புதிதாகச் சேருபவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பைக் கேட்டு வாங்கிச் செய்து பாருங்கள்.