நிலம் இழந்த ஊர்களில் விதை காப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவைக்கு மேற்கே, கேரளத்தில் உள்ள அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் ராகி, சாமை, துவரை, அவரை முதலியவற்றைக் கலந்து விதைக்கும் பஞ்சக்காட்டு வேளாண்மையில் வாழ்ந்தவர்கள். 1951இல் அங்குள்ள மக்கள்தொகையில் ஏறத்தாழ 90 விழுக்காடாக இருந்த அவர்கள், வெளியார் குடியேற்றத்தாலும் நிலம் கைமாறியதாலும் பின்னர் பாதிக்கும் குறைவானார்கள். காடு போனபோது விதையும் போயிற்று. எஞ்சியதைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்யும் சில செயல்களே அதற்குக் கேடாக முடிகின்றன என்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

நிலம் திரும்பக் கிடைத்தபின் விதைத்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது பெருந்தவறு. நில மீட்புக்காகக் கேரளம் 1975இல் சட்டம் இயற்றியது. 1999இல் வந்த சட்டமோ இரண்டு ஹெக்டேர் வரையிலான நிலத்துக்கு மாற்று நிலம் தந்தால் போதும் என்றாக்கியது. வழக்கு நீளும் காலம்வரை விதை உயிரோடு இருக்காது. நன்கு உலர்ந்த ராகி சில ஆண்டுகள் தாங்கும். பயறு வகைகள் அப்படியல்ல. வண்டு வயலிலேயே காயின்மேல் முட்டையிட்டுவிடுவதால், சாக்கில் கட்டிவைத்த துவரை சில மாதங்களில் மாவாகிவிடும். கடித்தால் நறுக்கென்று உடையும்வரை உலர்த்தி, செம்மண் குழம்பில் புரட்டி மீண்டும் காயவைத்து எடுத்துவைப்பதோடு, சிறிய துண்டு நிலத்திலாவது ஆண்டுதோறும் விதைத்துப் புதுப்பிக்க வேண்டும்.

அப்படி விதைக்கும்போது, வெளியிலிருந்து வந்த குறுகிய காலத் துவரையை அருகிலேயே வளர்ப்பது, கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் அழிவாகும். அட்டப்பாடித் துவரை பல்லாண்டு நிற்கும் செடி; அதன் விதை பெரியது, தோல் வெள்ளை. துவரைப் பூவில் தேனீக்களால் அயல் மகரந்தச் சேர்க்கை எளிதில் நிகழும். விதைத் தோல் தாய்ச்செடியின் பகுதி என்பதால், கலப்பு நேர்ந்த ஆண்டில் அறுத்த விதை பழையபடியே வெள்ளையாக இருக்கும். அதை விதைத்து வளர்ந்த செடியில்தான் வேற்று நிறமும் வேற்றுக் குணமும் வெளிப்படும். அதற்குள் அந்த விதை ஊர் முழுவதும் பங்கிடப்பட்டிருக்கும். ஆகவே இரண்டையும் நன்கு விலக்கி விதைப்பதோடு, பூக்குமுன்பே மாறுபட்ட செடிகளைப் பிடுங்கிவிட வேண்டும். ராகி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் அதில் இந்த அச்சம் குறைவு. களத்தில் தானியம் கலந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

விதையை மட்டும் சேகரித்து, அதை அறிந்தவர்களைக் கேளாதிருப்பது இன்னொரு தவறு. அட்டப்பாடி ஊர்களில் ஊர்த்தலைவரான மூப்பனைப் போலவே மண்ணுக்காரனும் ஒரு பொறுப்பாளர். மண்ணின் தன்மையும் விதைக்கும் காலமும் அவர் அறிந்தவை. மாற்று நிலத்துக்குப் போகும் குடும்பம் எதை எங்கே விதைப்பது என்று அவரிடமும், கதிர் தெரிந்தெடுத்த அனுபவமுள்ள மூதாட்டிகளிடமும் கேட்டு எழுதிவைக்காவிட்டால், பெயர் ஒட்டிய புட்டிகள்தாம் மிஞ்சும்.

அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அது சந்தையில் பெயரைக் காக்குமே தவிர விதையைக் காக்காது. பயிர் வகைப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம், 2001இன்படி உழவர் சமூகமே தன் பயிர் வகையைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். எந்த வகையானாலும், விதை முழுவதையும் ஒரே விதை வங்கியில் ஒப்படைத்துவிடாமல், வெவ்வேறு ஊர்களில் மூன்று நான்கு வீடுகளிலாவது பிரித்து வைத்துப் பயிரிட்டு வர வேண்டும்.