ஹேக் உத்தரவுகளைப் படிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

உளவு பார்த்ததாகச் சொல்லிப் பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில், ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றம் 2017 மே 18-ல் உத்தரவிட்டபோது, 'இந்தியாவுக்கு வெற்றி' என்று பலரும் கொண்டாடினார்கள். அந்த உத்தரவின் கடைசிப் பத்தி முக்கியமாகச் சொன்னது இதுதான்: இறுதித் தீர்ப்பு வரும்வரை மரண தண்டனை நிறைவேற்றப்படாமல் பாகிஸ்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் கோர்ட் பாஷையில் சொன்னால், ஸ்டே; அதாவது ஓர் இடைக்கால உத்தரவு. ஜாதவ் குற்றம் செய்தாரா என்ற பேச்சே அதில் இல்லை. வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டா என்பதைக்கூட, மேலோட்டமாகப் பார்த்தால் இருப்பதாகத் தெரிகிறது என்ற அளவில்தான் நீதிமன்றம் சொன்னது.

இடைக்கால உத்தரவைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ஜார்ஜியா இதில் நன்றாக அடிபட்டது. 2008 அக்டோபர் 15-ல் ரஷ்யாவுடனான வழக்கில் இடைக்கால உத்தரவு கிடைத்தது. எட்டு நீதிபதிகள் ஆதரவு, ஏழு பேர் எதிர்ப்பு. 2011 ஏப்ரல் 1-ல் அதே நீதிமன்றம் தனக்கு அதிகாரம் இல்லை என்று வழக்கையே முடித்துவிட்டது. ஜார்ஜியா வழக்குக்கு அடிப்படையாகக் காட்டிய, இனப்பாகுபாட்டுக்கு எதிரான சர்வதேச ஒப்பந்தத்தின்படி முதலில் பேச்சுவார்த்தைக்கு முயன்றிருக்க வேண்டும், ஜார்ஜியா முயலவில்லை என்பதே காரணம்.

சரி, அப்படியானால் இடைக்கால உத்தரவு வெறும் ஆலோசனையா? அப்படி நினைப்பதும் தவறு, அந்தத் தவறு ஓர் உயிர்போகும் இடம்வரை போயிருக்கிறது. அமெரிக்காவில் மரண தண்டனை பெற்ற ஜெர்மன் குடிமகன் வால்டர் லாக்ராண்டின் தண்டனையை நிறுத்திவைக்கும்படி 1999 மார்ச் 3-ல் ஹேக்கிலிருந்து உத்தரவு போனது. அது தங்களைக் கட்டுப்படுத்தாது என்பது அமெரிக்க அரசின் நிலை. அன்றே அரிசோனாவில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. இத்தகைய உத்தரவுகள் கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2001 ஜூன் 27-ல்.

அப்புறம், தீர்ப்பு வந்த பிறகும் கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்று கோரிக்கை வாரியாகப் பார்க்க வேண்டும். ஜாதவ் வழக்கின் 2019 தீர்ப்பு, அவருக்குத் தூதரக அதிகாரிகளைச் சந்திக்கும் உரிமை மறுக்கப்பட்டது சட்டமீறல் என்றது. தண்டனையை மறுஆய்வு செய்யச் சொன்னது. ஆனால் தண்டனையை ரத்து செய்து அவரை விடுவிக்க வேண்டும் என்ற இந்தியாவின் கோரிக்கையை ஏற்கவில்லை.

முதற்கட்ட ஆட்சேபணையிலும், அதாவது வழக்கை விசாரிக்கவே கூடாது என்று எதிர்த்தரப்பு தொடக்கத்தில் எழுப்பும் வாதத்திலும், இதே குழப்பம். 2022 ஜூலை 22-ல் மியான்மரின் ஆட்சேபணைகள் தள்ளுபடியானதும், இனப்படுகொலை நிரூபணமாகிவிட்டது என்று சிலர் எழுதினார்கள். ரோஹிங்கியா மக்களை மியான்மர் இனப்படுகொலை செய்ததாகக் காம்பியா தொடுத்த வழக்கு மேலே நடக்கலாம் என்பதே அதன் பொருள். ஆட்சேபணை ஏற்கப்பட்டாலும் எதிர்த்தரப்பு குற்றமற்றது என்று ஆகிவிடாது. 1999 ஆகஸ்டில் பாகிஸ்தான் கடற்படையின் 'அட்லாண்டிக்' ரக ரோந்து விமானத்தை இந்தியா சுட்டு வீழ்த்தியது. காமன்வெல்த் நாடுகளுடனான தகராறுகளை இந்த நீதிமன்றம் விசாரிக்க முடியாதபடி இந்தியா ஏற்கெனவே விலக்கு வைத்திருந்ததால், 2000 ஜூனில் பாகிஸ்தானின் வழக்கு அதிகார வரம்பிலேயே நின்றுபோனது. அந்த விமானம் யாருடைய வானில் பறந்தது என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை.