கதைக்கரு கையை விட்டுப் போகும் இடங்கள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருகோணமலை டவுனில் ஒரு வீட்டு விறாந்தையில், கதை எழுதப் பழகும் பிள்ளைகளோடு இருந்து பேசுவது என் வழக்கம். எட்டுப் பத்துப் பேர் வருவார்கள். போன மாதம் ஒரு தங்கச்சி தன் போனில் சேர்த்து வைத்திருந்த கதைக்குறிப்புகளைக் காட்டினாள். நாற்பதுக்கு மேல் இருந்தன. 'அம்மாவின் தியாகம்.' 'வறுமையிலும் நேர்மை.' 'இடம்பெயர்ந்தவனின் ஏக்கம்.' வாசிக்க வாசிக்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருபது வருஷத்துக்கு முன் என் கொப்பியும் இப்படித்தான் இருந்தது.

எழுத்துப்பிழை, வாசிக்காமல் எழுதுவது, மற்றவர் நடையைப் பார்த்து எழுதுவது எல்லாவற்றையும் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அவற்றை விடுகிறேன். முதல் வரி எழுதுவதற்கு முன்பே, கரு கையில் இருக்கும்போதே நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பெரிய சம்பவத்தையே கரு என்று நினைப்பது

எங்கள் ஊரில் பெரிய சம்பவங்களுக்குக் குறைவில்லை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டன. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. நடுவில் யுத்தம். அதனால் புதிதாக எழுத வருகிறவர் 'சுனாமியைப் பற்றி ஒரு கதை எழுதப் போகிறேன்' என்று தொடங்குகிறார். சரி, அதில் யார் இருக்கிறார், அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் வராது. 'எல்லாரும்தான்' என்பார்.

தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்குத் திரும்பும் ஒரு பெண், முதல் வேலையாகப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய தையல் மெஷினைத் தேடுகிறாள் என்று வையுங்கள். சேற்றுக்குள் கிடைத்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரி உயிரோடு இல்லை. மெஷினை யாரிடம் கொடுப்பது? இப்போது உங்களிடம் ஒரு கரு இருக்கிறது. சுனாமி அதற்குப் பின்னால் நின்றால் போதும்.

கண்டதை விட்டுக் கருத்தைக் குறித்து வைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். இதனால் ஒரு முழுக் கதையை இழந்திருக்கிறேன்.

கடலேரிக்கு அக்கரையில் இருக்கும் கிண்ணியாவுக்கு 2003இல் பாலம் இல்லை. பாதையில்தான் கடக்க வேண்டும். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையை நாங்கள் 'பாதை' என்போம். ஒரு நாள் பின்னேரம் நான் போன பாதையில் ஒரு அம்மா நின்றார். அக்கரை வந்ததும் எல்லாரும் இறங்கினோம், அவர் இறங்கவில்லை. பாதைக்காரர் அவரிடம் ஏதோ கேட்டார். அவர் ஒரே ஒரு வரியில் பதில் சொன்னார். அந்த வரி காதில் விழுந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாதை திரும்பியபோது அவரும் அதிலேயே போய்விட்டார்.

அன்றிரவு கொப்பியில் எழுதினேன்: 'பாதையில் ஒரு தாய். காத்திருப்பின் வலி. முடிவில்லாத பயணம்.' எழுதிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

2009 ஒக்ரோபரில் பாலம் திறந்தார்கள். 396 மீற்றர். அந்தச் சனங்கள் எத்தனையோ காலம் காத்திருந்த பாலம், நல்லதுதான். பாதை நின்றுபோனது. 2012இல் ஒரு நாள் அந்தக் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். அந்த அம்மா சொன்ன வரி என்ன? ஞாபகம் இல்லை. கையில் என்ன வைத்திருந்தார்? பையா, பொட்டலமா, வெறுங்கையா? எந்தப் பக்கம் பார்த்து நின்றார்? ஒன்றும் இல்லை. சிலிர்த்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

இரண்டு தரம் கரைக்குப் போய்ப் பார்த்தேன். மேலே பஸ்சும் மோட்டார் சைக்கிளும் போய்க்கொண்டிருந்தன. கீழே ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். முன்பு பாதையில் வேலை செய்த ஒரு ஐயாவைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். "எத்தனை சனம் ஏறி இறங்கின இடம் பிள்ளை, யார எண்டு நான் நினைச்சு வைக்கிறது?" என்றார்.

அப்புறம் நானே இட்டுக்கட்டினேன். அவருக்கு வெள்ளைச் சேலை உடுத்திவிட்டேன், கையில் காணாமல்போன மகனின் படத்தைக் கொடுத்தேன். மூன்று முறை திருத்தி எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். "இந்த அம்மாவை நிறையக் கதைகளில் பார்த்துவிட்டேன்" என்று எழுதித் திருப்பி அனுப்பினார் ஆசிரியர். அவர் சொன்னது சரி. நான் பாதையில் கண்ட அம்மா அந்தக் கதையில் இல்லவே இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்றால், ஒன்றைக் கண்டதும் மனம் பொங்குகிறது, அந்தப் பொங்கலுக்கு ஒரு பெயர் வைத்து எழுதிவிடுகிறோம். வலி, பாசம், ஏக்கம். பத்து வருஷம் கழித்துக் கொப்பியைத் திறக்கும்போது அந்தப் பொங்கல் அடங்கிப் போயிருக்கும். எஞ்சியிருக்கும் பெயர் ஊரில் எல்லாருடைய கொப்பியிலும் இருப்பதுதான். மனதைப் பொங்கவைத்த கை, சொல், பார்வை எனக்கு மட்டும் கிடைத்தவை. அவற்றைத்தான் எழுதாமல் விட்டேன்.

அதற்குப் பிறகு குறிப்பெடுக்கும் முறையை மாற்றினேன். உப்புவெளிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்துவிட்டு வந்த அன்றே எழுதியது இது (மடி என்பது வலையில் மீன் சேரும் பை, சம்மாட்டி வலைக்குச் சொந்தக்காரர்):

'காலை 7 மணி. மடி கரைக்கு வந்துவிட்டது. பத்து வயதுப் பையன் மூன்று சூடை மீனைத் தொப்பிக்குள் போட்டுத் தலையில் வைத்தான். காதோரம் தண்ணீர் வடிந்தது. சம்மாட்டி பார்த்தார். முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு "கயிறச் சுத்துங்கடா" என்றார். ஏன் திரும்பினார்?'

இதில் வறுமை என்றோ இரக்கம் என்றோ ஒரு சொல் இல்லை. இரண்டு வருஷம் கழித்துத் திறந்தபோது காதோரத் தண்ணீர் அப்படியே இருந்தது. கடைசிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். முதலில் பையன்மேல் இரங்கித்தான் திரும்பினார் என்று நினைத்தேன். எழுத எழுத, கணக்குக் கொப்பியோடு பக்கத்தில் நிற்கும் மருமகன் வந்தான். தான் பார்த்தது மருமகனுக்குத் தெரிந்தால் பையனைத் தண்டிக்க வேண்டிவரும். வலை அவர் பெயரில் இருக்கிறது, சொல் மருமகனுடையதாகிவிட்டது. கதை அந்தக் கிழவரைப் பற்றியதாக மாறியது. 'இரக்கமுள்ள சம்மாட்டி' என்று மட்டும் குறித்திருந்தால் மருமகன் வந்திருக்கவே மாட்டான்.

அதனால் பிள்ளைகளிடம் சொல்வது இதுதான்: அன்றைக்கே எழுதுங்கள். கை என்ன செய்தது என்று எழுதுங்கள். பேசியதை அந்த வாய் பேசிய மாதிரியே எழுதுங்கள். எது பொருந்தாமல் உறுத்தியதோ அதைக் கட்டாயம் எழுதுங்கள். புரியாததைக் கேள்வியாகவே விடுங்கள், பதிலை எழுதும்போது தேடலாம். போனில் படம் எடுத்து வைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். படத்தில் எல்லாமே இருக்கும், உங்கள் கண் எங்கே நின்றது என்பது இருக்காது.

எழுதுமுன் எல்லாரிடமும் சொல்லித் திரிவது

சொல்லச் சொல்ல எழுதும் ஆசை தீர்ந்துவிடும். சொல்லாதீர்கள்.

'இது உண்மையாகவே நடந்தது' என்று அடம்பிடிப்பது

நடந்திருக்கலாம். வாசிக்கிறவர் அங்கே இருக்கவில்லை.

ஒன்றை எழுதி, மற்றதைப் பிறகுக்குச் சேர்த்து வைப்பது

கரு தீர்ந்துவிடும் என்ற பயத்தில் வருவது இது. ஒரு தம்பி, கன்னியாவில் தகப்பனுக்கு 31ஆம் நாள் கிரியை செய்ய வரும் மகனைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தான். அங்கே இருக்கும் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் நன்றாகப் பார்த்து எழுதியிருந்தான். ஒரு பக்கத்துக்குமேல் கதை நகரவில்லை. மகன் அழுகிறான், குளிக்கிறான், அழுகிறான். வேறு ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று கேட்டேன். மதில் எல்லைச் சண்டையில் ஆறு வருஷமாகப் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பி பற்றி ஒன்று இருந்தது. "அது வேற கதைக்கு வச்சிருக்கிறன்" என்றான்.

இரண்டையும் சேர்த்துப் பார் என்றேன். மனமில்லாமல்தான் போனான். அடுத்த மாதம் கொண்டுவந்தான். ஒரே ஒரு வாளி. அண்ணன் அள்ளி ஊற்றுகிறார், தம்பி தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். அங்கே கிணற்றுக்குக் கிணறு சூடு கொஞ்சம் வேறுபடும். அடுத்த வாளி எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று தம்பிக்குத் தெரிய வேண்டும். கேட்டால், பேசியதாகிவிடும்.