தீக்கோளத்தைக் கண்டால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள்

டிசம்பரில் ஜெமினிட் விண்கல் பொழிவு பார்க்க ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் கடற்கரைக்குப் புதியவர்கள் வருகிறார்கள். வெள்ளிக்கோளைவிடப் பிரகாசமான தீக்கோளம் ஒன்று வானைக் கிழித்துப் போய்விட்டால் போதும், ஆண்டுதோறும் அதே தவறுகள். இருட்டுக்குக் கண் பழகாதது, கைப்பேசியைத் தேடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

விழுந்த இடத்தைத் தேடி ஓடுவது

"அண்ணே, அந்தப் படகுகளுக்கு அப்பால் விழுந்துவிட்டது!" என்று கத்திக்கொண்டே ஓர் இளைஞர் தண்ணீர்வரை ஓடினார். ஒளி அணைந்தது பனைக்கு இடப்புறமா, வலப்புறமா என்று கேட்டேன். எங்கே நின்று பார்த்தோம் என்பதே அவருக்கு நினைவில்லை. அருமையான சாட்சியம் ஒன்று அத்தோடு பாழ். இன்றும் எனக்கு ஆறவில்லை.

பெரிய விண்கல்லின் ஒளிகூடப் பெரும்பாலும் தரைக்கு 20, 30 கி.மீ. மேலேயே அணைந்துவிடும். நீட்டிய கையின் முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. அடிவானுக்கு மேல் ஒரு முஷ்டி உயரத்தில், 30 கி.மீ. மேலே அணைந்தது என்றால் அது நமக்கு 170 கி.மீ. தள்ளி இருக்கிறது. வாலிநோக்கத்திலிருந்து தென்கிழக்கே அவ்வளவு தூரம் போனால் இலங்கையின் புத்தளம் பக்கம் வந்துவிடும். படகுகளுக்கு அப்பால் எதைத் தேடுவது?

காலடியில் மணலில் கோடு கிழியுங்கள். தோன்றிய இடத்தையும் அணைந்த இடத்தையும் பனை, கோபுரம், விளக்குக் கம்பம் என ஏதாவது ஓர் அடையாளத்தோடு பொருத்துங்கள். உயரத்தை முஷ்டியால் அளந்து, நேரத்தோடு எழுதுங்கள். விடிந்ததும் அதே கோட்டில் நின்று திசைகாட்டி வைத்துத் திசை எடுக்கலாம். வேறோர் ஊரில், தொண்டியில் ஒருவர் இதையே செய்திருந்தால், தோன்றிய இடத்துக்கும் அணைந்த இடத்துக்கும் இருவரின் திசைகளும் வெட்டும் புள்ளிகளை இணைத்துக் கல்லின் பாதையைக் காணலாம். வல்லத்தில், அதாவது மீன்பிடிப் படகில், இருப்பவர்கள் விண்மீன்களோடுதான் பொருத்த வேண்டும். படகு திரும்பிக்கொண்டே இருக்கும்.

கூடிப் பேசிவிட்டு எழுதுவது

முதலில் எழுதுங்கள், பிறகு பேசுங்கள்.

ஒளி போனதும் கிளம்பிவிடுவது

சத்தம் பின்னால்தான் வரும், 60 கி.மீ. தொலைவுக்கு மூன்று நிமிடம் ஆகும். கண் கூசும் அளவு ஒளி என்றால் ஜன்னல் பக்கம் போகவே கூடாது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரில் ஒளியைக் கண்டு பலர் ஜன்னலோரம் வந்து நின்றார்கள். நிமிடங்கள் கழித்து வந்த அதிர்வலையில் கண்ணாடிகள் சிதறின. காயமடைந்தவர்கள் ஏறக்குறைய 1,500 பேர்.

ஊர்ந்து போனதையும் விண்கல் என்பது

ஒரு நிமிடம் நீடித்தால் அது பெரும்பாலும் எரிந்தபடி திரும்பி விழும் ராக்கெட் அல்லது செயற்கைக்கோள் பாகம்.

குறிப்பைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பது

பன்னாட்டு விண்கல் அமைப்பின் இணையப் படிவத்தை எந்த நாட்டவரும் நிரப்பலாம். அன்றிரவே அனுப்பிவிடுங்கள்.