ஊட்டியிலிருந்து மின்சார காரில் இறங்கும்முன் 100% சார்ஜ் ஏற்றாதீர்கள்

ஊட்டியில் இரவு தங்கினால் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்திவிடுங்கள். காசும் மிச்சம், பிரேக்கும் தப்பிக்கும்.

மேட்டுப்பாளையம் வரை சுமார் 1,900 மீட்டர் இறக்கம். ரீஜென் (மோட்டாரே பிரேக் போலப் பிடித்து மின்சாரம் எடுக்கும் வசதி) முழு அளவில் இருந்தால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே மோட்டார் வண்டியைப் பிடித்து மெதுவாக்கி, அந்த ஆற்றலை மின்சாரமாக பேட்டரிக்கு அனுப்பும்; குன்னூர் தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் சதவீதம் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பேட்டரி நிறைந்திருந்தால் அதற்கு இடமில்லை. ரீஜென் குறைந்து, பாரம் முழுக்க கால் பிரேக்கில் விழும், கருகல் வாடை வரலாம்.

மலை ஏறும்போது இது பொருந்தாது, அப்போது நிறைய ஏற்றிக்கொள்ளுங்கள். மார்கழிக் குளிரில் விடியற்காலை இறங்கினால், 80-லும் பேட்டரி சூடாகும்வரை ரீஜென் குறைவாகவே பிடிக்கும். முதல் சில கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள்.