இலக்கு அட்டையைக் கல்லில் சாய்க்காதீர்கள்

கொடைக்கானல், கோத்தகிரிப் பக்கம் பட்டா நிலத்தில் ஏர் ரைஃபிள் பழகுபவர்கள், இலக்கு அட்டையைக் கல் குவியலிலோ விழுந்த மரத்திலோ சாய்த்து வைக்க வேண்டாம். இரண்டு கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் கயிறு கட்டி, துணி கிளிப்பில் மாட்டுங்கள். பின்னால் அட்டையைவிட உயரமான மண்மேடு இருக்கட்டும். கம்புகளைச் சுற்றி இரண்டு மீட்டருக்குப் புல்லை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

காரணம், மலையில் இருக்கும் குழிவிரியன் (pit viper) என்ற விஷப் பாம்புகள் ஆள் வந்தால் ஓடுவதில்லை. பல சருகு நிறத்தில், கல்லிடுக்கில் அப்படியே சுருண்டு கிடக்கும். சுட்ட சத்தத்துக்குப் போய்விடும் என்று நம்பக்கூடாது. அட்டை மாற்றக் குனிந்து கை விடும்போதுதான் கடி விழும். குனியும் வேலையே இல்லையென்றால் பாதி ஆபத்து போச்சு. குண்டு பொறுக்கவும் கையை விடாமல் இடுக்கியோ நீளமான கொக்கியோ பயன்படுத்துங்கள்.

மூங்கில் புதர், காபிச் செடி ஓரங்களில் இது மட்டும் போதாது. பச்சை நிற மூங்கில் குழிவிரியன் கிளையிலேயே, நம் இடுப்பு உயரத்தில் இருக்கும். அங்கே கயிறு கட்டாதீர்கள், வெட்டவெளிக்கு மாறுங்கள். இருட்டியபின் அட்டை எடுக்கப் போவதும் வேண்டாம்.

பாம்பைக் கண்டால் சுடாதீர்கள். சட்டப்படி குற்றம், கல்லில் பட்டுக் குண்டு திரும்பியும் வரும். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், மோதிரத்தைக் கழற்றி, கையை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். நம்மூர் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான். குழிவிரியனுக்கு அல்ல. அதனால் பாம்பின் நிறத்தையும் தலை வடிவையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிடித்துக்கொண்டு போக வேண்டாம்.