நிர்வாகியின் நினைவக அமைப்புகளை நிரல்கள் மாற்றும்போது நேரும் தவறுகள்

லினக்ஸ் இயங்குதளத்தில் ரூட் உரிமையுடன், அதாவது எதையும் மாற்றும் முழு உரிமையுடன், பின்னணியில் ஓடும் ஒரு சேவை, தொடங்கும்போதே, நிரல்களுக்கு நினைவகத்தை எவ்வளவு தாராளமாக ஒதுக்குவது என்று தீர்மானிக்கும் ஓவர்கமிட்_மெமரி (overcommit_memory) என்ற அமைப்பை 1 என்று மாற்றிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்ட நினைவகத்தையெல்லாம் தயங்காமல் ஒதுக்கு என்று, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குச் சொல்வது 1. கணக்கிட்ட வரம்புக்கு மேல் யாருக்கும் ஒதுக்காதே என்பது 2. அதே இயந்திரத்தில் உள்ள தரவுத்தளத்தைக் காப்பதற்காக நிர்வாகி யோசித்து வைத்த 2 என்ற மதிப்பு இப்போது சத்தமில்லாமல் அழிந்துவிடுகிறது. மாற்றும் உரிமை இருப்பதாலேயே மாற்றலாம் என்று எண்ணுவதுதான் இதில் ஆகப் பெரிய தவறு. ஏனெனில், ஒரு நிரலுக்குத் தன் தேவை மட்டுமே தெரியும், இயந்திரத்தில் வேறு என்னென்ன ஓடுகின்றன என்பது நிர்வாகிக்குத்தான் தெரியும்.

இந்த இடத்தில் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் நடந்துகொள்ளும் முறை பாராட்டத்தக்கது. ஓவர்கமிட்_மெமரி தனக்கு ஏற்ற 1 ஆக இல்லையென்றால், பின்னணியில் தரவைச் சேமிப்பது தோல்வியடையக்கூடும் என்று தன் லாகில் (நிகழ்வுப் பதிவில்) எச்சரித்து, எந்தக் கோப்பில் எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்பதையும் குறிப்பிட்டுவிட்டு, முடிவை நிர்வாகியிடமே விட்டுவிடுகிறது.

நினைவகம் தீரும்போது கர்னல் எந்த நிரலை முதலில் நிறுத்தும் என்பதைத் தீர்மானிக்கும் ஊம்_ஸ்கோர்_அட்ஜ் (oom_score_adj) மதிப்பை, என்னை நிறுத்தவே கூடாது என்று பொருள்படும் -1000 என்று ஒரு நிரல் தனக்குத்தானே வைத்துக்கொள்வதும் இதே வகைத் தவறுதான். அப்படிச் செய்த நிரலில் நினைவகக் கசிவு, அதாவது வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராமல் சேர்த்துக்கொண்டே போகும் பிழை, இருந்தால், கசியவிட்டது தப்பிக்கும், பக்கத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது பலியாகும்.

வரம்பைப் பார்க்காமலே இருப்பதும் மீறலில்தான் முடியும். ஜாவாவின் பழைய பதிப்புகள், கன்டெய்னருக்கு (நிரலைத் தனி வரம்புகளுடன் அடைத்து ஓட்டும் சூழலுக்கு) விதித்த வரம்பைக் கவனிக்காமல், முழு இயந்திரத்தின் நினைவகத்தில் கால் பங்கை, நிரல் தன் தரவை வைக்கும் நினைவகப் பகுதியான ஹீப்பின் உச்ச அளவாக எடுத்துக்கொண்டன. 64 ஜிபி இயந்திரத்தில் 1 ஜிபி மட்டுமே அனுமதிக்கப்பட்ட கன்டெய்னரிலும் அந்த உச்சம் 16 ஜிபியாக இருந்தது. நிரல் வளர்ந்து வரம்பைத் தொட்டதும் கர்னல் அதை நிறுத்திவிடும். ஜாவா 10 முதல் இது சரிசெய்யப்பட்டிருக்கிறது.

அதற்காக நிரல் எதையுமே தொடக்கூடாது என்று வாதிடுவதும் மிகை. ஒரு நிரல் தனக்கு இப்போது நடப்பில் உள்ள மென்வரம்பை (soft limit), அதற்கு உச்சமாக விதிக்கப்பட்ட வன்வரம்பு (hard limit) வரை உயர்த்திக்கொள்ள இயங்குதளமே இடம் தருகிறது; அந்த மாற்றம் குறிப்பிட்ட புராசஸையும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலையும்) அதிலிருந்து பிறப்பவற்றையும் தாண்டிச் செல்வதில்லை. இயந்திரம் முழுவதையும் பாதிக்கும் மாற்றம் தவிர்க்க முடியாதது என்றால், நிறுவும்போது ஒப்புதல் கேட்டு, தன் பெயரிட்ட தனிக் கோப்பில் எழுதி, நீக்கப்படும்போது அந்தக் கோப்பையும் நிரல் எடுத்துச் சென்றுவிட வேண்டும்.